மூன்றாம் வரிசையின் மரியாதை

கல்லூரியில் அவனை எல்லோரும் "எலி மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது உதவித்தொகை வாங்கும்போது கையெழுத்துப் போட மட்டும் பயன்பட்டது. பட்டப்பெயரைச் சூட்டியவர் அதே ஆய்வகத்தில் இருந்த சீனியர். அவருக்குத் தலை நரைக்கும் முன்பே "தாத்தா" என்று பெயர் வந்துவிட்டது. அவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த காலத்தில் பிறந்த குழந்தைகள் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கின்றன.

"டேய், நீ வச்சிருக்கிற எலி அத்தனையும் பொண்ணு. காலையில போய் எடை பார்க்கிற. சாயங்காலம் போய்த் தண்ணி குடிச்சாளான்னு பார்க்கிற. எந்த மாப்பிள்ளைடா இவ்வளவு செய்வான்?" என்று தாத்தா ஒருநாள் கேட்டார். அவ்வளவுதான், பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

எலி மாப்பிள்ளையின் ஆராய்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; அவன் சொன்னால் நீளும். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் சிவப்பாக ஒன்று உண்டு. நோயை அடித்து விரட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் விரட்டுகிற வேகத்தில் இதயத்தின் தசையையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். பெண் எலிகளின் இதயம் இந்த அடியை ஆண் எலிகளைவிடக் கொஞ்சம் நன்றாகத் தாங்குகிறது என்று பலர் பார்த்திருக்கிறார்கள். காரணம் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனா என்பதுதான் இவனுடைய கேள்வி.

அதற்காக எலிக்கூண்டுகளை நான்கு வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். முதல் வரிசைக்கு மருந்தே கிடையாது. தின்பது, தூங்குவது, அடுத்தவளைக் கடிப்பது. இரண்டாம் வரிசைக்குச் சிவப்பு மருந்து. மூன்றாம் வரிசைக்குச் சூலகத்தை எடுத்துவிட்டு, அதாவது ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இடத்தையே மூடிவிட்டு, பிறகு மருந்து. நான்காம் வரிசைக்கும் அதே அறுவை, அதே மருந்து. ஆனால் தோலுக்கு அடியில் ஈஸ்ட்ரோஜன் குளிகை ஒன்று. மூன்றாம் வரிசையின் இதயம் தளர வேண்டும், நான்காம் வரிசையின் இதயம் தாங்க வேண்டும். அப்படி நடந்தால் பட்டம். மூன்றாம் வரிசை தெம்பாக இருந்துவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பை. உலகத்தில் தன் பராமரிப்பில் இருப்பவர்கள் நோயில் விழ வேண்டும் என்று காத்திருந்த ஒரே மாப்பிள்ளை இவன்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கடையில் கிடைக்கிற எலித் தீவனத்தில் பெரும்பாலும் சோயா இருக்கும். சோயாவில் இருக்கும் சில பொருட்கள் உடம்புக்குள் போய், "நான்தான் ஈஸ்ட்ரோஜன்" என்று பொய் அடையாள அட்டை காட்டும். உடம்பும் கொஞ்சம் நம்பிவிடும். அதனால் சோயா இல்லாத தீவனம் வேண்டும் என்று எலி மாப்பிள்ளை கொள்முதல் பிரிவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். "எலிக்கு எதுக்குப்பா பத்தியம்?" என்று அங்கே இருந்த அதிகாரி கேட்டார். "சோயாவின் ஒரு துகள்கூட இந்த விலங்குகளின் வாயில் படக்கூடாது" என்று இவன் கடிதம் எழுதி, ஆய்வகத் தலைவியான மேடத்திடம் கையெழுத்து வாங்கி, கடைசியில் ஜெயித்தான். தனி மூட்டைகளில் தனித் தீவனம் வந்து இறங்கிய அன்று அவன் நடையே மாறிவிட்டது.

வீட்டுக்கும் அப்போதுதான் ஒரு மூட்டை வந்து இறங்கியது.

அவன் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதிரே வருகிறவன் முகத்தைச் சுளிக்கிற விதத்தைப் பார்த்தே பவர் என்ன என்று சொல்லிவிடுவாள். அக்காவின் புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. பை கிழிந்தது, லேபிள் போனது, பெட்டி நசுங்கியது எல்லாம் அங்கே ஊழியர்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கும். சல்லிசு என்ற சொல்லைக் கேட்டால் மாமாவுக்குக் கண் மங்கிவிடும். அக்காவின் லென்ஸ் எதுவும் அதற்கு உதவவில்லை.

"என்னங்க இது, ஆள் உயரத்துக்கு?"

"சோயா உருண்டை. முழுக்கப் புரோட்டீன். லேபிள் மட்டும்தான் இல்ல."

"எவ்வளவு நாளைக்கு?"

"முடியிற வரைக்கும்" என்றார் மாமா, தெளிவாக.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு "மூட்டை" என்றே பெயராகிவிட்டது. காலையில் மூட்டை வறுவல், மத்தியானம் மூட்டைக் குழம்பு, ராத்திரி மூட்டையை உதிர்த்து ஏதோ ஒன்று. மாமா மூன்று வேளையும் ரசித்துச் சாப்பிட்டார். தான் வாங்கி வந்ததைத் தானே திட்ட முடியாத நிலைமை. எலி மாப்பிள்ளையின் டிபன் பாக்ஸிலும் தினமும் அதுதான். பல்லில் மாட்டினால் ஈர ஸ்பாஞ்சைக் கடிப்பது போலிருக்கும். "மிச்சம் வைக்காம சாப்பிட்டியா?" என்று அக்கா தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாள். கொட்டிவிட்டு வந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். தம்பியின் முகத்துக்கும் அவளிடம் ஒரு பவர் கணக்கு இருந்தது.

அதற்காக அக்காவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு நெறிக்கட்டியில் புற்றுநோய் வந்து, அதே சிவப்பு மருந்து அவள் ரத்தத்திலும் ஓடியது. நோய் போய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு, வருகிற வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வருவாள். தம்பியின் எலிகளிடம் அவளுக்கு ஒரு தோழமை. "என்னடா, என் தம்பி பொண்டாட்டிங்க எல்லாம் எப்படி இருக்காங்க? எனக்குக் குடுத்த அதே சரக்குதானே? குமட்டுதாமா?" என்று விசாரிப்பாள்.

"எலி வாந்தி எடுக்காதுக்கா. அதுக்கு அந்த வசதி இல்ல."

"ஐயோ பாவம்" என்று அக்கா உண்மையிலேயே வருத்தப்படுவாள்.

மருந்து ஊசி ஆரம்பித்த கொஞ்ச நாளில் மூன்றாம் வரிசை வாடத் தொடங்கியது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். முடி சிலிர்த்து, முதுகைக் குறுக்கி, மூலையில் ஒண்டினார்கள். திட்டப்படி இது நல்ல செய்தி. ஆனால் விதிமுறை ஒன்றும் இருந்தது: எடை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த எலியை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். இதயத்தைப் படம் எடுக்கும் முன்பே வரிசை காலியாகிவிட்டால் யாரைப் படம் எடுப்பது? அதோடு, ஒளிப்பானேன், அவர்களைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவன் கோட்டுப் பையில் திறக்கப்படாத டிபன் பாக்ஸ் இருந்தது. விலங்குக் கூடத்துக்குள் உணவு கொண்டுவரக் கூடாது என்று கதவில் பெரிதாக எழுதியிருந்தது. "சாப்பிடத்தானே கூடாது, கோட்டில் இருக்கலாமே" என்று அவன் அதற்கு உரை எழுதிக்கொண்டான். மூடியைத் திறந்தான். டக் என்றது. உருண்டைகளைக் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி, உப்பு காரம் போகப் பிழிந்து, மூன்றாம் வரிசைக் கூண்டுகளில் போட்டான். அந்தப் பஞ்சைகள் முன்னங்காலில் ஏந்திப் பிடித்து, கண்ணை மூடி மூடித் தின்றதைப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்காவின் டிபன் பாக்ஸும் காலியாகிவிட்டது. ஒரே உருண்டையில் இரண்டு வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது.

சோயாவைப் பற்றிக் கடிதம் எழுதிய அதே மூளைக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று கேட்கலாம். அவன் தலைக்குள் சோயா என்பது ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில், தீவனப் பையின் முதுகில் இருப்பது. டிபன் பாக்ஸில் இருந்தது மாமாவின் மூட்டை. இரண்டும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டுமே இப்படி இரண்டு அறை உள்ள மண்டை வாய்க்கிறது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மூன்றாம் வரிசை முன்னால் டிபன் பாக்ஸ் டக் என்றது. மற்ற வரிசைகளுக்கு அவன் எதுவும் போடவில்லை. அவர்கள்தான் நன்றாகச் சாப்பிடுகிறார்களே.

படம் எடுக்கும் நாள் வந்தது. எலியை மயக்க வாயுவில் தூங்கவைத்து, மார்பில் முடி நீக்கும் கிரீம் தடவித் துடைத்து, வெதுவெதுப்பான ஜெல்லை வைத்துக் கருவியின் முனையால் தொட்டால், திரையில் இதயம் தெரியும். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பிடிவாதம், சுருங்கிச் சுருங்கி விரியும். இரண்டாம் வரிசை எதிர்பார்த்தபடி சுமாராக இருந்தது. நான்காம் வரிசை நன்றாக இருந்தது. மூன்றாம் வரிசையில் முதல் எலியைப் பார்த்தான். இதயம் குத்துச்சண்டைக்குத் தயாராக இருப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தவளுக்கு மயக்கம் தெளிந்ததும் அவன் கையுறையைக் கடித்துவிட்டு ஓடுகிற தெம்பு.

தாத்தா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மாப்ளே, இவளுக்கு இருக்கிற இதயம் எனக்கே கிடையாதுடா."

மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடுவார். மூடினார். "மூணும் நாலும் ஒண்ணாவே இருக்கு. ஈஸ்ட்ரோஜனுக்கு இதுல ஒரு பங்கும் இல்லைன்னு உன் எலி சொல்லுது."

"எங்கேயோ தப்பு நடந்திருக்கு மேடம்."

"கண்டுபிடி. இல்லைன்னா தலைப்பை மூடிடலாம். பக்கத்து ரூம் சார் கல்லீரல் ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கார். இலை அரைக்கணுமாம்."

கல்லீரல் என்ற சொல்லைக் கேட்டதும் எலி மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து அறைக்குப் போனவர்கள் பச்சைக் கையோடு திரும்பி வந்ததை அவன் பார்த்திருக்கிறான். சிலர் திரும்பவே இல்லை.

அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். மருந்து கெட்டுப் போயிருக்குமா? இரண்டாம் வரிசைக்கு அதே புட்டிதானே வேலை செய்திருக்கிறது. அறுவை சரியில்லையா? சூலகத்தின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டதா? ரத்தத்தைப் பரிசோதித்தான், ஈஸ்ட்ரோஜன் சுத்தமாக இல்லை. அப்போதுதான் தாத்தா தன் நீண்ட அனுபவத்திலிருந்து ஒரு யோசனை சொன்னார். பெண் எலியின் பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தால், உடம்புக்கு ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறதா இல்லையா என்று அவையே காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தார்கள். காட்டிக்கொடுத்தன.

"ரத்தத்துல இல்ல, ஆனா உடம்பு இருக்குன்னு சொல்லுது" என்றான் எலி மாப்பிள்ளை, மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ வெளியில இருந்து வருது" என்றார் தாத்தா. "யாரோ சப்ளை பண்றாங்க."

"தீவனமா இருக்குமோ? கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" எலி மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. தீவனக் கம்பெனிக்கு ஒரு காட்டமான கடிதம் எழுத உட்கார்ந்தான். எழுதிக்கொண்டிருந்தவன் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து போய், மூன்றாம் வரிசைக்கு உருண்டைகளைப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அடுத்த நாள் மேடமே விலங்குக் கூடத்துக்கு வந்தார். பச்சைக் கோட்டு, காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி. பக்கத்தில் எலி மாப்பிள்ளை, பின்னால் வேடிக்கை பார்க்கத் தாத்தா. மேடம் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார். தண்ணீர்ப் புட்டியை முகர்ந்தார். தீவனத்தைக் கிள்ளி விரலில் தேய்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் வரிசையில் தொங்கிய அட்டையைப் படிக்க, கையிலிருந்த பெட்டியைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

டக்.

மூன்றாம் வரிசையில் அத்தனை எலிகளும் எழுந்து நின்றன. பின்னங்காலில், வரிசையாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை மேடத்தை நோக்கி நீட்டி.

மேடம் பெட்டியை மூடினார். கொஞ்ச நேரம் பொறுத்தார். எலிகள் உட்கார்ந்தன. மறுபடி திறந்தார். டக். மறுபடி எழுந்து நின்றன.

மேடம் நல்ல விஞ்ஞானி. முதல் வரிசை முன்னால் போய் நின்று பெட்டியை டக் என்று திறந்தார். ஒருத்தி காதைச் சொறிந்தாள். இரண்டாம் வரிசை, டக். யாரும் அசையவில்லை. நான்காம் வரிசை, டக். ஒன்றுமில்லை. மூன்றாம் வரிசைக்குத் திரும்பி வந்தார். டக். மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள்.

"என் கிளாஸ்ல கூட யாரும் இப்படி எந்திரிச்சு நிக்கிறதில்ல" என்றார் மேடம். பிறகு திரும்பாமலே கேட்டார்: "என்ன குடுத்தே?"

எலி மாப்பிள்ளை கோட்டுப் பையைக் கையால் மறைத்தான். மறைத்த பிறகுதான் பை இருப்பதே எல்லோருக்கும் தெரிந்தது. "பாவமா இருந்துச்சு மேடம். எடை இறங்கிட்டே போச்சு. கொஞ்சம் வீட்டுச் சாப்பாடு... கழுவிட்டுத்தான் குடுத்தேன்."

"என்ன சாப்பாடு?"

"எங்க மாமா வாங்கிட்டு வந்த மூட்டை மேடம்."

"மூட்டையையா திங்குது? மூட்டைக்குள்ள என்ன?"

"அதுல வந்து மேடம், சோ..."

சொல் பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கதவு அப்போதுதான் திறந்துகொண்டது. உள்ளே தடித்த எழுத்துச் சோயாவும் மாமாவின் சோயாவும் முதல்முறையாகக் கைகுலுக்கிக்கொண்டன. தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

மேடம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். "சோயாவின் ஒரு துகள்கூட," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், "இந்த விலங்குகளின் வாயில் படக்கூடாது. நான்தானே கையெழுத்துப் போட்டேன்? கொள்முதல்ல இருந்து என்னைக் கூப்பிட்டு, உங்க பையன் கொஞ்சம் அதிகமாப் போறான்னாங்க. அவன் ரொம்ப ஜாக்கிரதையான பையன்னு நான் சொன்னேன்."

எலி மாப்பிள்ளையின் முகத்தில் அசடு வழிந்தது. துடைக்க இடமில்லாத அளவுக்கு.

தாத்தா மூச்சை வாங்கிக்கொண்டு அவனைக் கைதூக்கிவிடப் பார்த்தார். "மேடம், இதுவே ஒரு கண்டுபிடிப்பு மாதிரிதானே? சோயா இதயத்தைக் காப்பாத்துதுன்னு..."

"எந்த எலி எவ்வளவு தின்னுச்சு?" என்று மேடம் இவனைக் கேட்டார்.

"அது... பெரியவ கொஞ்சம் அதிகமாப் பிடுங்கிக்குவா மேடம். மூலையில இருக்கிறவளுக்கு நான் தனியா ஊட்டிடுவேன்."

"பிடுங்கிக்கிட்டதை எந்த யூனிட்ல எழுதுறது? ஊட்டினதை?"

தாத்தா மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"இது கண்டுபிடிப்பு இல்ல. விருந்து" என்றார் மேடம். "சோயாவா, வயிறு நிறைஞ்சதா, நீ பக்கத்துல உட்கார்ந்து பேசினதா, எதுன்னு யாருக்குத் தெரியும்?" எழுந்து, மூன்றாம் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவை இன்னும் நம்பிக்கை இழக்காமல் நின்றுகொண்டிருந்தன. "ஆனா ஒரு சந்தேகத்துக்கு இடம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு, இதயம் தாங்கியிருக்கு. நிரூபணம் இல்ல. வெறும் சந்தேகம். சந்தேகப்படத்தான் நமக்குச் சம்பளம். முதல்ல இருந்து ஆரம்பி. இன்னொரு தடவை மட்டும். அப்பவும் மூணாவது வரிசை இப்படி எந்திரிச்சு நின்னா, நீ இலை அரைக்கப் போயிடு."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அக்கா வேறு இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"என் சமையலை எலிக்குப் போட்டியா?"

"அவளுங்க ஆசையாச் சாப்பிட்டாளுங்கக்கா."

"நீ?"

எலி மாப்பிள்ளை தட்டைப் பார்த்தான். தட்டில் மூட்டை இருந்தது.

"கழுவிட்டு வேற குடுத்தானாம்" என்றார் மாமா, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் பாவனையில். "உன் மசாலா எலிக்குக்கூட ஒத்துக்காதாம்."

"நீங்க பேசாதீங்க. எல்லாம் உங்க லேபிள் இல்லாத மூட்டையால வந்தது. லேபிள் இருந்திருந்தா இவன் படிச்சிருப்பான். இவனுக்கு எழுதியிருந்தாத்தானே புரியும்?"

ஆய்வகத்தில் இத்தனை பேர் சேர்ந்து கண்டுபிடிக்காத மூலகாரணத்தை அக்கா கரண்டியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் கழித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, குரல் மாறிக் கேட்டாள். "அப்போ எனக்குடா? அந்தச் சிவப்பு மருந்து எனக்கும்தானே ஏறிச்சு. அதுக்கப்புறம் மாதவிடாயும் சீக்கிரமே நின்னு போச்சு. உன் மூணாவது வரிசை மாதிரிதானே நானும்? இந்த மூட்டை எனக்கு நல்லதா, கெட்டதா?"

அவன் ஈரத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். "தெரியலக்கா. எலிக்கே இன்னும் சரியாத் தெரியல. மனுஷங்களுக்கு அது வேற கதை. நீ உன் டாக்டரைக் கேட்டுட்டு எதையும் பண்ணு."

"இத்தனை வருஷம் படிச்சது 'தெரியல'ன்னு சொல்றதுக்கா?"

"அதுக்குத்தான் உன் தம்பிக்குப் பட்டமே குடுக்கப் போறாங்க" என்றார் மாமா. "நாங்கள்லாம் இலவசமாத் தெரியாம இருக்கோம்."

அக்கா சிரித்துவிட்டாள். அந்த வருடப் படம் எடுக்கப் போனபோது டாக்டரைக் கேட்டாள். இதயம் நன்றாக இருக்கிறது, எதையும் அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் அவர். "அளவா" என்ற சொல்லை அக்கா மாமாவிடம் மூன்று முறை திரும்பச் சொன்னாள். ஐஸ்கிரீம் கணக்கில் சேராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

புதிய எலிகள் வந்தன. பழைய மூன்றாம் வரிசையை வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால், இளநிலை மாணவர்கள் படம் எடுத்துப் பழகும் அறைக்கு மேடம் அவர்களை மாற்றினார். அங்கே கருவி முனை மார்பில் பட்டாலே அவர்கள் சொகுசாகக் காலை நீட்டிக்கொள்வார்கள் என்று கேள்வி.

புதிய மூன்றாம் வரிசைக்கு மருந்து ஏறியதும் அதே கதை. முடி சிலிர்த்தது, முதுகு குறுகியது. இந்தமுறை மேடத்தின் ஏற்பாட்டில் எல்லா வரிசைக்கும் ஒரே அளவில் அதே தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி வைத்தார்கள். அதனால் எடை அபாயக் கோட்டுக்குப் போகவில்லை. ஆனால் சோர்வு சோர்வுதான். எலி மாப்பிள்ளை எடை பார்த்துக் குறித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். மூலையில் ஒண்டியிருந்த ஒருத்தி அவனைப் பார்ப்பாள். இவன் கூரையைப் பார்ப்பான். நான்காண்டுப் படிப்பில் அவன் கற்ற மிகக் கடினமான செய்முறை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான்.

டிபன் பாக்ஸை மட்டும் வாசலுக்கு வெளியே, தாத்தாவின் மேஜையில் வைத்துவிட்டு வருவான். திரும்பி வரும்போது அது காலியாக இருக்கும். மூட்டை இன்னும் முடிந்திருக்கவில்லை. தாத்தாவுக்கு அந்த மாதங்களில் கன்னத்தின் ஒட்டு நீங்கி ஒரு பளபளப்பு வந்தது. அவருடைய இதயத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

மறுபடி படம் எடுக்கும் நாள். ஜெல், கிரீம், திரை. மூன்றாம் வரிசையின் முதல் எலி. அந்த மொச்சைக்கொட்டை களைத்துப்போய், சுருங்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுருங்கியது. அடுத்ததும் அப்படி. நான்காம் வரிசையில் குளிகை வைத்தவர்கள் நிமிர்ந்து அடித்தார்கள். வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. "மாப்ளே!" என்று தாத்தா முதுகில் ஓங்கி அறைந்தார். எலி மாப்பிள்ளைக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவும் செய்தான், ஒருமுறை. பிறகு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தவளின் மார்பில் ஒட்டியிருந்த ஜெல்லை மெதுவாகத் துடைத்து, சூடு குறையாமல் துணியில் சுற்றிக் கூண்டில் விட்டான். "ரொம்ப நன்றிம்மா" என்றான். சொன்ன பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான். தாத்தா கேட்காததுபோல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த சில நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு பெரிய அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் யாரும் வரவில்லை. மூன்றாம் வரிசையில் மட்டும் அக்கா, மாமா, தாத்தா என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த, கண்டிப்பான மனிதர். எல்லாப் பக்கங்களையும் உண்மையிலேயே படித்திருந்தார். அந்தக் கல்லூரி அதற்குப் பழக்கப்பட்டதில்லை.

"முடிவுகள் தெளிவா இருக்கு" என்றார் அவர். "செய்முறைப் பகுதியில ஒரு வாக்கியம் மட்டும் எனக்குப் புரியல. படிக்கிறேன். 'தீவனத்தைத் தவிர வேறு எந்த உணவும், எவராலும், எந்தப் பரிவின் பேரிலும், இவ்விலங்குகளுக்கு வழங்கப்படவில்லை.' இது என்ன? பரிவுங்கிறது உங்க ஆய்வகத்துல ஒரு பொருளா?"

மூன்றாம் வரிசையிலிருந்து அக்காவின் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கு வழியாகவும் வந்தது. மாமா யாரோ தெரியாதவர்போல வேறு பக்கம் பார்த்தார்.

"அந்த வாக்கியம் என்னுடையது" என்றார் மேடம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். எங்க அனுபவத்துல அது ஒரு முக்கியமான வேரியபிள்."

தேர்வாளர் மேடத்தைப் பார்த்தார், எலி மாப்பிள்ளையைப் பார்த்தார், சிரிப்பு வந்த திசையைப் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோல அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பக்கத்தைத் திருப்பினார். மேலும் சில கேள்விகள். எலி மாப்பிள்ளை தெரிந்ததற்குப் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியவில்லை என்று, அக்கா முன்னிலையில், தலை நிமிர்ந்து சொன்னான். கடைசியில் தேர்வாளர் கையை நீட்டி, "வாழ்த்துகள், டாக்டர்" என்றார்.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேடத்திடம் வந்தது. மேடம் மேஜையிலிருந்த பெட்டியைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

டக்.

மூன்றாம் வரிசையில் தாத்தா எழுந்து நின்றார். கழுத்தை நீட்டி, மூக்கைத் தூக்கி, எதற்கு எழுந்தோம் என்று தனக்கே விளங்காத முகத்தோடு.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தார்.

"உட்காருங்க தாத்தா" என்றார். "இதுல சோயா இல்ல."